பகுமே ஆறு

படிவத்தில் மூன்று பெட்டிகள்:
நாள், மாதம், ஆண்டு.
அஸ்னகெச் சொல்லச் சொல்ல
பதிவு மேசைப் பையன் தட்டினான்:
ஆறு. பதின்மூன்று. இரண்டாயிரத்துப் பதினொன்று.
பிழை என்று எதுவும் சிவக்கவில்லை.
அதுதான் பிழை.

குலேலே சுகாதார நிலையத்திலிருந்து
எனக்கு வந்தது ஒரு படம்.
சால்வைக்குள் நாலு மாதக் குழந்தை,
அருகில் நான் செய்த திரை.
வயது எட்டு,
தடுப்பூசிக் காலம் கடந்துவிட்டது
என்கிறது கொஞ்சமும் கூசாமல்.
கீழே பெரெக்கெட் எழுதியிருந்தான்:
"மெக்டெஸ், இந்தப் பிள்ளை
நடந்தே வந்திருக்கலாமே?"

என் வரிதான்.
மறுக்க வழியில்லை, பக்கத்திலேயே என் பெயர்.
மாதத்தில் ஒன்றைக் கழி என்று எழுதியிருக்கிறேன்,
நிரலுக்கு ஜனவரி என்பது பூஜ்ஜியம்.
பதின்மூன்றில் ஒன்று போனால் பன்னிரண்டு.
பன்னிரண்டு என்றொரு மாதம்
அதனிடம் கிடையாது.
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
பந்தியில் இடமில்லாத விருந்தாளியைப்
பக்கத்து வீட்டு வாசலில் விடுவதுபோல்
அடுத்த ஆண்டு ஜனவரியில் கொண்டுபோய் விட்டது,
அதுவும் வெள்ளைக்காரர் ஆண்டுக்கணக்கில்.

முப்பது முப்பதாகப் பன்னிரண்டு மாதம்,
மிச்சம் விழுந்த ஐந்து நாள் பகுமே.
நாலாண்டுக்கு ஒருமுறை மட்டும் ஆறு.
எனக்குத் தெரியாததா?
பகுமே மழையில் சட்டையோடு நனைந்தவள்தான் நானும்.
விசைப்பலகை முன் உட்கார்ந்ததும்
ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று
கை தானாக எழுதிவிடுகிறது.

திருத்தினேன்.
எங்கள் நாளை எண்ணாக்கி
எண்ணை அவர்கள் நாளாக்கி
செப்டம்பர் பதினொன்று, இரண்டாயிரத்துப் பத்தொன்பது.
சோதனை எல்லாம் பச்சை.
காபி ஊற்றிக்கொண்டேன்.

மறுநாளும் ஒரு படம்.
பகுமே ஐந்து.

நாளை மட்டும் கொடுத்தால்
நிரல் வாங்கிக்கொள்ளாது, மணியும் வேண்டும்.
கேட்கவும் கேட்காது,
தானே ஒரு நள்ளிரவை ஒட்டிக்கொள்ளும்.
அடிஸ் அபாபாவின் நள்ளிரவு
கிரீன்விச்சுக்கு முந்தைய இரவு ஒன்பது.
ஃபிராங்க்ஃபர்ட்டில் எங்கோ இருக்கும் சர்வர்
கிரீன்விச் மணிதான் பார்க்கும்.
ஒன்பதை வெட்டி எறிந்தது, நாளை வைத்துக்கொண்டது.
மூன்று மணிச் சரிவில்
ஒரு முழு நாள் உருண்டு போயிற்று.
இத்தனைக்கும் எங்களூரில்
நாள் பிறப்பது விடியும்போது.
ஊருறங்கும் நேரத்தில் யார் போய்
நாளைத் தொடங்குவார்கள்?

அஸ்னகெச்சைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
ஒரு நாள்தானே, ஊசிக்கு அது போதும் என்றேன்.

"ஐந்து எல்லா வருஷமும் வரும், அம்மணி.
ஆறு வருமா?
அன்று பகல் முழுக்க வலி.
இருட்டுவதற்குள் இவள் வந்துவிட்டாள்.
விடிந்ததும் புத்தாண்டு,
மஞ்சள் பூவோடு சிறுமிகள்
பாடிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்,
நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
நீ ஒரு நாள் முன்னால் தள்ளினால்
அந்தப் பூவை எங்கே வைப்பாய்?"

பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.
மரியாதை இல்லைதான்.

இரவு, மணியைப் பிடுங்கி எறிந்தேன்.
நாள் என்று நான் கட்டியிருந்த
பொருளையே கலைத்தேன்.
மூன்று பெட்டியில் அவள் தந்த மூன்று எண்ணை
அப்படியே வைத்தேன்: ஆறு, பதின்மூன்று, பதினொன்று.
பிறந்த நாள் ஒரு கணமல்ல,
யாருடைய நள்ளிரவிலும் அதை
ஆணியடித்து மாட்ட வேண்டாம்.
ஊசிக் கணக்குக்கு மட்டும் மாற்றிப் பார்,
பார்த்ததும் மறந்துவிடு.

பகுமே ஏழு என்று யாராவது தட்டினால்
இனிச் சிவக்கும்.
அப்படி ஒரு நாள் எங்களிடமும் இல்லை.

அடுத்த ஆறு வர
மூன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கிறது.
அதற்குள் இந்த வரியில் கைவைக்க
என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வருவார்.
அவருக்காக மேலே ஒரு குறிப்பு விட்டிருக்கிறேன்,
இயந்திரம் படிக்காத குறிப்பு:
தொடுமுன் அஸ்னகெச்சைக் கேள்.
அவள் எண் கீழே.